ஒரு சாண் வாழைத்தண்டுக்கு ஒரு கத்தி

காய்கறிக் கத்தி வாங்கத் தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு யாராவது போவார்களா? போன வாரம் நான் போனேன். மனைவி இறந்து எட்டு மாதமாகிறது. ஓட்டல் சாப்பாடு அலுத்துவிட்டது. சமைக்கலாமென்றால் வீட்டுக் கத்தியில் வாழைத்தண்டு சீராக நறுக்க வராமல் பிளந்துகொண்டு போகிறது. அவளுடைய அரிவாள்மணையில் உட்கார முழங்கால் சம்மதிக்காது. அவள் பிறந்த ஊர் ஸ்ரீரங்கம். பாத்திரம் பண்டமெல்லாம் திருச்சி பெரிய கடைவீதியில்தான் வாங்குவாள். உண்மையைச் சொன்னால், லீவு நாளில் வீட்டில் தனியாக இருக்கப் பயம்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஜங்ஷனில் இறங்கினேன். கடைவீதி ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். கத்திக் கடையில் ஈ காக்கை இல்லை. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் இருந்திருந்தால் வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள். கடைக்காரர் பாய்க்கோ பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

நல்ல தடிமனாகக் கேட்டேன். அரிவாள்மணையைப் பார்த்தே வளர்ந்த புத்தி. பாய் தன் வீட்டுக்கு வாங்கிய காய்கறிப் பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தார். முதுகுப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருந்த கத்தி பாதியில் நின்றது, கேரட் டப்பென்று உடைந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் கத்தி சத்தமில்லாமல் இறங்கியது.

“கூர் மட்டும் போதாதுங்க சார். பின்னாடி வர்ற தகடும் காய்க்குள்ள போகணும்ல?” என்றார்.

முதுகிலிருந்து வெட்டும் வாய் வரை சீராக மெலிந்து வர வேண்டுமாம். தடித் தகட்டில் ஓரத்தை மட்டும் சாணை பிடித்திருந்தால் ஆப்பு மாதிரி பிளக்கும். எலும்பு வெட்டத்தான் தடிமன். மெல்லிய கத்தியை அதில் போட்டால் வாய் உடைந்துவிடும்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர் என்றேன். ஒருவன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எட்டு அங்குலக் கத்தி ஒன்றைக் கொடுத்தார், 480 ரூபாய்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். காய்கறிக்கார அம்மாவிடம் ஒரு சாண் வாழைத்தண்டு போதும் என்றேன். ஒரு ஆளுக்கா என்று கேட்டபடியே அவர் நறுக்கிக் கொடுத்தார். அம்மாமண்டபம் படித்துறையில் உட்கார்ந்து பையைப் பார்த்தேன். தண்டைவிடக் கத்தி நீளம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பவும் பஸ் ஏறி, மூன்றே முக்காலுக்குக் கடைக்குப் போனேன்.

“பாய், நான் ஒருத்தன்தான். அப்ப பொய் சொல்லிட்டேன்.”

அவர் பெரிய கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதே மெல்லிய தகட்டில் ஐந்து அங்குலக் கத்தியை எடுத்துத் தாளில் சுற்றி, கையில் தராமல் மேசைமேல் வைத்தார்.

“ஒருத்தருக்குன்னாலும் நல்லா நறுக்கித்தான் சாப்பிடணும் சார்.”

போகிறவர்கள் சனிக்கிழமை போங்கள், கூட்டமிருக்காது. கத்தியின் முதுகை மேலிருந்து பாருங்கள். கையோடு ஒரு கேரட் கொண்டுபோங்கள். எத்தனை பேருக்கு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஞாயிறு மதியம் தண்டு வில்லை வில்லையாக விழுந்தது. நாரை விரலில் சுற்றி எடுத்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். சொல்ல ஆளில்லை, நானே சொல்லிக்கொண்டேன்.