வாய்க்கால் கேள்வியும் சரவெடியும்

இன்று காலை எங்கள் கோலியனூர் தெருவுக்கு ஒரு வேட்பாளர் பிரசார வேனில் வந்தார்.

ஆரத்தி எடுத்த பக்கத்து வீட்டு செல்வி அக்கா, தட்டோடு வேனை மறித்துக் கேட்டார்: "ஏரி வாய்க்கால அடைச்சி பிளாட் போட்டுக்கினு இருக்காங்க. மழ பெய்ஞ்சா தண்ணி வூட்டுக்குள்ள வருது. நீங்க ஜெயிச்சா தொறப்பீங்களா, மாட்டீங்களா?"

மற்றவர்கள் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். இவர் மைக்கை வைத்துவிட்டு, குனிந்து பதில் சொல்லத் தொடங்கினார்.

ஆரத்தி முடிந்ததும் வெடி வைப்பது எங்கள் தெரு மரியாதை. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருப் பையன்கள் சரவெடியைக் கொளுத்தினார்கள். அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. புகை அடங்கியபோது வேன் இல்லை.

"என்னக்கா சொன்னாரு?"

"காது அடைச்சிக்கிச்சிம்மா. தலைய ஆட்டிக்கினு இருந்தாரு. ஆமாவா, இல்லயான்னு தெரியல."

பதில் சொல்ல வந்த ஒரே ஆளையும் நாங்களே விரட்டிவிட்டோம்.

அடுத்து அவர் உங்கள் தெருவுக்கு வந்தால் கேட்டுச் சொல்லுங்கள். வெடியை மட்டும் பதில் சொன்ன அப்புறம் வையுங்கள்.