லிஃப்ட்காரன் போட்ட மெட்டு

"எவன் போட்ட மெட்டா இருந்தாலும் கொண்டாங்க. ஒரே ஒரு சுரத்தைத் தொட்டு மாத்துவேன், பாட்டு எங்கேயோ போயிடும்!"

தன் ஐம்பதாவது பிறந்தநாளன்று சாக்ஸபோன்காரர் உலகத்துக்கு விடுத்த அறிவிப்பு இது. உலகத்தின் சார்பில் அவர் மனைவியும், கேக் வெட்டக் கத்தி தேடிக்கொண்டிருந்த மச்சானும் அதைக் கேட்டுக்கொண்டார்கள்.

பதினாறு வயதில் தீயணைப்புப் படையின் இசைக்குழுவில் சேரப் போனவருக்கு, மிச்சமிருந்த ஒரே வாத்தியம் என்பதால் சாக்ஸபோன் கிடைத்தது. "அது என்னைத் தேர்ந்தெடுத்தது" என்று, யாரும் எடுக்காத பேட்டிகளில் பிற்பாடு சொல்லிவந்தார். ஆறு வருடம் கப்பலில், கடலுக்கே குமட்டும் அளவுக்கு நடனப் பாட்டுகள் வாசித்தார். கரையிறங்கிச் சொந்தமாக ஜாஸ் குழு அமைத்தார். ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாரத்துக்கு நாலு மாலை. 'பிரபஞ்சத்தின் மூன்றாவது மூச்சு' உள்பட நாற்பத்தொரு படைப்புகளை அங்கேதான் அரங்கேற்றினார். மூன்றாவது மூச்சு தொடங்கியதும் சாப்பிட வந்தவர்கள் மரியாதையாக பில் கேட்பார்கள்.

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மாலையில் அதே கிரீஸ் சட்டையோடு குழுவில் டபுள் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பவன். எல்லோருக்கும் அவன் 'லிஃப்ட்'தான். ஒருநாள் நின்றுபோன லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு விசிலடித்தவன், வெளியே வரும்போது ஒரு மெட்டோடு வந்தான். பெயர் 'நாலாவது மாடி'. எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

முதல்முறை வாசித்தபோது, சூப் கொண்டுபோன சர்வர் நடுவழியில் நின்றுவிட்டார். மறுவாரம் வந்தவர்கள், "அந்த நாலாவது மாடியை வாசிங்களேன்" என்று கேட்டார்கள். சாக்ஸபோன்காரர் சிரித்தார். வயிறு எரியும்போது பல் தெரிவதும் சிரிப்புதானே. அன்று முதல், காபி மெஷின் அலறும் நேரமாகப் பார்த்து அந்தப் பாட்டை வைத்தார். ஜனங்கள் மெஷினை நிறுத்தச் சொன்னார்கள்.

அப்போதுதான் ரேடியோவிலிருந்து ஓர் அம்மா வந்தார்.

"உங்க குழுவோட பாட்டுல ரொம்ப நல்லதா ஒண்ணே ஒண்ணை நீங்களே தேர்ந்தெடுங்க, சார். சுரம் எழுதின தாளை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. இயற்றினவர் பேரை ரேடியோவுல சொல்லுவோம்."

முப்பத்துநாலு வருடத்தில் சாக்ஸபோன்காரர் பேரை மைக்கில் சொன்னவர் சாக்ஸபோன்காரர் ஒருவர்தான்.

"மாமா, உங்க மூணாவது மூச்சையே அனுப்பிடுங்க" என்றான் மச்சான்.

"கிண்டலா?"

"ஐயோ, அவ்வளவு கனமான பாட்டு மாமா. எங்க லிஃப்ட்ல ஏத்தினா பெல் அடிக்கும்."

நல்லது எது என்பது காதுக்குத் தெரிந்தது. வயிறு ஒப்பவில்லை. இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாலாவது மாடியில் ஒரு சுரத்தை மாற்றிவிட்டால் போதும். அப்புறம் இருவர் இயற்றிய பாட்டு. வயதில் மூத்தவர் பேர்தானே முதலில் வரும்?

செவ்வாய்க்கிழமை பென்சிலோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். மூன்றாவது சுரத்தை உயர்த்தினார், பாட்டு நொண்டியது. தாழ்த்தினார், இரங்கல் கூட்டத்துக்குக் கிளம்பியது. புதன்கிழமை முடிவில் தன் கைவரிசையாக நாலு சுரம் சேர்த்தார். விடைபெற்ற விருந்தாளி செருப்பைத் தேடுவதுபோல் அது வாசலிலேயே நின்றது. சாக்ஸபோன் வாயில் துண்டைத் திணித்து, சத்தம் வராமல் வாசித்துப் பார்த்தார்.

"அது இருந்தபடியே நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

"நீ உன் வேலையைப் பாரு."

"மேசையைக் குடுத்தா பாப்பேன்."

வியாழக்கிழமை சாயங்காலம், அழித்து அழித்து மூன்றாவது சுரம் இருந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. ஓட்டை வழியாக மேசை தெரிந்தது. பிறகு புதுத்தாள் எடுத்து, மெட்டு முழுவதையும் முதலில் இருந்தபடியே எழுதினார். 'இயற்றியவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஏம்மா" என்றார், தலை நிமிராமல். "உன் தம்பியோட முழுப் பேரு என்ன?"

"கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழிச்சு இப்பவாவது கேட்டீங்களே. எதுக்கு?"

"கேட்டா சொல்லேன்."

சொன்னாள். எழுதினார். கொஞ்சம் சின்ன எழுத்தில்தான், ஆனால் பிழையில்லாமல்.