கரண்ட் போனது தெரியாத பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல் பக்கம் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஒரு சிறிய ஹேச்சரிக்கு, முட்டைகளின் சூட்டைக் கவனிக்கும் மைக்ரோபிராசசர் பெட்டி ஒன்றைச் செய்துகொடுத்தேன். சேலத்தில் என் பட்டறையில் ஒரு வாளித் தண்ணீரைச் சுடவைத்து ஒரு மாதம் அதைச் சோதித்தேன். ஒரு பெருக்கலை எத்தனை மில்லி விநாடியில் முடிக்கிறது என்று அளந்து, குறைத்து, மறுபடி அளந்து பூரித்தேன். சூடு ஒரு டிகிரி ஏறவே பல நிமிடம் ஆகும் இடத்தில் இந்த அவசரம் எதற்கென்று கேட்க அப்போது யாருமில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நிரல் எளிமையானது. சூடு எவ்வளவு நேரம், எவ்வளவு குறைந்தது என்பதையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, அதற்கேற்ப ஹீட்டரை முடுக்கும். பந்தியில் கவனிக்காததை வருஷக்கணக்கில் மறக்காத சம்பந்தியைப் போல.

ஹேச்சரியை நடத்திய விவசாயக் குடும்பத்து அம்மா, என்னை நம்பி முதல் ஈட்டு முட்டைகள் முழுவதையும் இன்குபேட்டரில் அடுக்கியிருந்தார். ஏழாம் நாள் மதியம் கரண்ட் போயிற்று. பெட்டி மட்டும் மயங்கிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு லாரி பேட்டரியை நான்தான் இணைத்திருந்தேன். ஹீட்டரை எரிக்க அந்த பேட்டரிக்குத் தெம்பில்லை. ஆக, இரண்டு மணி நேரம் பெட்டி விழித்திருந்து குறையைக் கூட்டிக்கொண்டே இருந்தது. கரண்ட் வந்ததும் அத்தனையையும் ஹீட்டரில் காட்டியது. சூடு அளவைத் தாண்டி ஏறியது.

"புரோகிராம் சரியாத்தாங்க போவுது. தானா எறங்கிரும்" என்றேன்.

அம்மா ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்த்தார். "ஏனுங்க தம்பி, இது அடைகாக்கலீங்க, அவிக்குது. கரண்ட் போனது உங்க பொட்டிக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"ஏன், அதுக்கு ஆரும் சொல்லலீங்களா?"

"நாந்தாஞ் சொல்லோணும். மறந்துட்டனுங்க."

"அப்பறம் என்ன பேச்சு? கதவைத் தெறங்க சாமி!"

ஹீட்டரை அணைத்துவிட்டு அவர் முறத்தால் விசிறினார். நான் என் சோதனை அறிக்கையால். அது யாருக்காவது உதவியது அன்றுதான்.

மறுநாள் காலை இருட்டறையில் ஒவ்வொரு முட்டையாக விளக்கில் பிடித்துப் பார்த்தோம். மேலடுக்கில் கரு அசையவில்லை. கீழடுக்குகளில் அசைந்தது. நான் பெட்டியைக் கழற்ற ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

"அதை எங்க தூக்கறீங்க? மேலடுக்கு போச்சு, மத்ததெல்லாம் உசுரோட இருக்குதுல்லங்க. இதுக பொரியற மட்டும் நாங்க கையில பாத்துக்கறோம். நீங்க அதுக்கு நம்ம ஊரு கரண்டப் பழக்குங்க."

பின்கட்டில் காலியாகக் கிடந்த பழைய இன்குபேட்டரில் பெட்டியைப் பொருத்தி, அதன் மெயின் சுவிட்சை நானே அணைத்தும் போட்டும், கரண்ட் இல்லாத நேரத்தில் குறையைக் கூட்டாதிருக்கப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தபடி மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.