பூஜ்யம் வாங்கியவள்

சில வருடங்களுக்கு முன் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய், ஒரு சின்ன மனநல கிளினிக்கில் வேலை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, உளவியல் படித்தவள். வருகிறவர்கள் டாக்டரைப் பார்க்கும் முன் அவர்களோடு பேசி, ஒரு தாளை நிரப்ப வைப்பது என் வேலை. தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது மனம் ஒட்டுகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்று அதில் ஒன்பது கேள்விகள். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. கூட்டுத்தொகை ஏற ஏற மனச்சோர்வும் ஜாஸ்தி.

பெண்ணாடத்திலிருந்து ஒருவர் தன் பதினாறு வயது மகளை அழைத்து வந்தார். விருத்தாசலத்தில் காட்டினால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று பஸ் மாறி இவ்வளவு தூரம் வந்திருந்தார். வீட்டு மாடியில் டியூஷன் நடத்தும் கணக்கு வாத்தியார். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். அவள் தாளில் இருபது வந்தது. சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு, 'சில நாட்கள்' என்று குறித்திருந்தாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். ஒன்பதாவது பதிலைப் பற்றி அப்பாவிடம் சொல்லி, அவளைத் தனியாக விடக் கூடாது என்றார். அவர் முகம் வெளிறிப் போனது. தைரியம் சொல்வதாக நினைத்து நான் வாயைக் கொடுத்தேன்.

"பயப்படாதீங்க சார். இப்ப இருபது இருக்கு. அடுத்த வாட்டி கொறையணும், அவ்ளோதான்."

"எழுதாத தாள் ஒண்ணு குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டார். வெளியே கூட்டம். யோசிக்காமல் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். அப்பா வெளியே பெஞ்சில் இருக்க, மகள் மட்டும் என் முன்னால் உட்கார்ந்தாள். நான் அவளுடைய ஃபைலைத் தேடி எடுப்பதற்குள் எழுதி முடித்துவிட்டாள். மொத்தம் பூஜ்யம்.

முதலில் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நானே அந்தத் தாளை எழுதினால் நாலைந்து வரும். கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவளுக்கு அலுப்பே இல்லை என்று யார் சொல்ல முடியும்? எதிரே இருந்தவளோ முன்பைவிட இளைத்திருந்தாள்.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். "இத எங்கம்மா எழுதிப் பழகுன?"

"அப்பா ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காரு மேடம். எல்லாத்துக்கும் மொதக் கட்டம்தான் கரெக்ட்டுன்னாரு."

கோபம் தலைக்கேறியது. அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் மதிப்பெண் கணக்கில் பேசியதும் நான், தாளைக் கொடுத்ததும் நான். எய்தவள் நான் இருக்க அம்பை நொந்து என்ன செய்ய? வெட்கமாக இருந்தது.

"செத்துப்போகணும்னு இப்பவும் தோணுதா?"

"தோணுது. காலையில எழுந்திரிக்காமயே போய்ட்டா தேவலன்னு இருக்கு."

"அதுக்குன்னு எதாச்சும் செய்யணும்னு யோசிச்சு வச்சிருக்கியா?"

"அதெல்லாம் இல்ல மேடம்."

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. அவர் வந்து அவளோடு நெடுநேரம் பேசினார். பிறகு அப்பாவிடம் யார் சொல்வது என்று அவளையே கேட்டோம். "நீங்க கூட இருந்தா நானே சொல்றேன்" என்றாள்.

அப்பா உள்ளே வந்ததும் என்னைப் பார்த்தார். "கொறஞ்சிருக்கா மேடம்?"

"தாள்ல கொறஞ்சிருக்கு சார்."

அவருக்குப் புரிந்துவிட்டது. "அன்னிக்கி டாக்டர் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அந்த ஒம்போதாவது கேள்விக்கு மட்டும் 'இல்லவே இல்லை'ன்னு தெனம் பத்து வாட்டி எழுத வச்சேன். எழுத எழுத மனசுல பதிஞ்சிடும்னு நெனச்சேன்" என்றார். பிள்ளைகளுக்குப் புரியாததையெல்லாம் அவர் எழுத வைத்தே புரிய வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"எழுதுனதெல்லாம் பொய்ப்பா. எனக்கு இன்னும் அப்படித்தான் இருக்கு."

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். என்னையும் டாக்டரையும் மறந்துவிட்டார் போலிருந்தது.

"எப்படிம்மா இருக்கு? எனக்குத் தெரியலியே. நீ சொல்லு."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அவர் அவசரப்படுத்தவில்லை. அழுது ஓய்ந்ததும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் இதே மாதிரி கேப்பீங்களாப்பா?"