தில்லை அண்ணைக்கு எடுங்கோ

இதை எழுதுகிறவன் தில்லைநாதனை முதன்முதலில் சந்தித்தது நேரில் அல்ல, தொலைபேசியில். 2015ஆம் ஆண்டுக் கோடை. மிலானுக்குச் சற்று முன்னால் ஒரு சுங்கச் சாவடி. தன் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்ற மிதப்போடு காரை ஓட்டி வந்த இவன், மஞ்சள் பலகை போட்ட பாதைக்குள் நுழைந்துவிட்டான். அது கண்ணாடியில் கருவி பூட்டி, மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களின் பாதை. முன்னால் தடைக்கம்பம் எழும்பவில்லை. பின்னால் ஆறேழு கார்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. கூட வந்த தவச்செல்வன் மட்டும் பதறாமல் ஒரு இலக்கத்தை அழுத்தித் தொலைபேசியை நீட்டினான்.

"றிவேர்ஸ் எடுத்திடாதையும் தம்பி," என்றது நிதானமான ஒரு குரல். "அதுதான் பெரிய குற்றம். உம்மட பக்கத்தில சிவப்புப் பட்டன் ஒண்டு இருக்கும், அமத்தும். ஆரோ இத்தாலியன்ல கத்துவான், விளங்காட்டிக் காரியமில்லை. ஒரு துண்டு வரும், தடி எழும்பும். துண்டை மட்டும் எறிஞ்சு போடாதையும். பதினைஞ்சு நாளுக்குள்ள கட்டலாம்."

துண்டு வந்தது. கம்பம் எழுந்தது.

"அண்ணை, இந்தப் பாதையால எத்தினை தரம் வந்திருக்கிறியள்?"

"பின்னால நிக்கிறவங்கள் திட்டுறாங்கள். முதல்ல வெளிக்கிடும்," என்று வைத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை, ஒரு தரமும் இல்லை என்பது. அது அன்று ஸ்விஸில் ஒருவருக்கும் தெரியாது.

தில்லைநாதன் ஸ்விஸின் லாங்கன்தாலில், மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். இலங்கையிலிருந்து 2009 கடைசியில் வந்தவர். மூன்று வருடம் கழித்து, தஞ்சக் கோரிக்கையை ஏற்கவில்லை, ஆனால் இப்போதைக்குத் திருப்பி அனுப்பவும் மாட்டோம் என்று கடிதம் வந்தது. கையில் கிடைத்தது எஃப் அட்டை. வேலை செய்யலாம், கார் ஓட்டலாம், வரி கட்டலாம். நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதற்கென்று அனுமதி கேட்டால், முதலில் உங்கள் நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டுங்கள் என்பார்கள். எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அதன் தூதரகப் படியேறிக் கடவுச்சீட்டுக் கேட்க அவருக்குக் கால் எழவில்லை.

கடிதம் வந்த அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து தங்கை கஜலக்சுமி தொலைபேசியில் எடுத்தாள். "அண்ணா, விசா கிடைச்சிட்டுதோ?"

"ஓம், கிடைச்சிட்டுது," என்றார். எந்த எழுத்து என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் அதை மாமியார் வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம், எல்லை தாண்ட விடுகிற பி அட்டை என்றே சொன்னார்; திருத்திச் சொல்ல ஒரு நல்ல நாள் வரவேயில்லை.

வழி சொல்லத் தொடங்கியதும் அந்தப் பொய்யிலிருந்துதான். லூர்து மாதாவிடம் போகிறோம், வாருங்கள் என்று அழைத்தவர்களுக்கு, "எனக்கு நெடுந்தூரம் ஓடினால் நாரி பிடிக்கும்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னவர், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் பாதையை எழுதிக் கொடுத்தார். பிரான்ஸில் எந்தச் சாவடியில் துண்டு எடுப்பது, எதில் காசு போடுவது, ஒஸ்திரியாவுக்குப் பத்து நாள் விக்னெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டண வில்லை, எந்தப் பெற்றோல் நிலையத்தில் வாங்குவது, ஜெர்மன் நகரங்களுக்குள் நுழையப் புகை குறைந்த கார் என்று காட்டும் பச்சை வில்லை எங்கே எடுப்பது என்று எல்லாம் அதில் இருந்தது. போய் வந்தவர்களிடம் துருவித் துருவிக் கேட்டு ஒரு கொப்பியில் குறித்தார். இரண்டு வருடத்தில் லோசானிலிருந்து ஓர்லிகோன் வரை, வழியில் தடுமாறிய தமிழர்களெல்லாம் "தில்லை அண்ணைக்கு எடுங்கோ" என்றார்கள். சமையலறைச் சுவரில் ஐரோப்பா வரைபடம் தொங்கியது. ஸ்விஸைச் சுற்றிய எல்லைக்கோட்டை அவர் பேனாவால் தொட்டதேயில்லை. ஆனால் அதற்கு வெளியே எல்லா ஓட்டோபான் நெடுஞ்சாலையும் கோடு போட்டுத் தேய்ந்திருந்தது.

2016 மே மாதம் தங்கையின் மகள் மிதுஷா பெரியபிள்ளையானாள். வருடத்தில் இரண்டு தரம் கஜலக்சுமி குடும்பத்தோடு லாங்கன்தாலுக்கு வந்து போவாள். இவர் ஒரு தரமும் போனதில்லை.

"இந்த முறை நாரி கீரி எண்டு கதை விடக் கூடாது," என்றாள் கஜலக்சுமி, சடங்குக்கு அழைத்து. "தாய்மாமன் இல்லாமல் ஆர் முதல் அறுகும் பாலும் வைக்கிறது? 'உன்ர கொண்ணர் எங்கட வாசலை மிதிக்க மாட்டாரோ' எண்டு மாமி ஊருக்கு முன்னால கேக்கிறா. எனக்கு ஒளிய இடமில்லை."

"வாறன்," என்றார் தில்லைநாதன்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. நான்கு கிழமைக்கு முன்னர்தான் நிசமாகவே பி அட்டை கேட்டு, கன்டோன் என்கிற மாநில நிர்வாகத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். தண்டனை, வழக்கு என்று எதுவும் பெயரில் இருக்கக் கூடாது. இந்த நேரத்தில் எல்லை தாண்டிப் பிடிபட்டால் ஏழு வருடப் பொறுமையும் வீண். போகாவிட்டால் தங்கைக்கு முகமில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஸ்ரீஸ்கந்தராஜாவின் வான் வண்டியில் ஏறினார். அவரும் மனைவி சுமித்ராவும் கஜலக்சுமியின் கணவன் வழிச் சொந்தம்.

"பாசல் மட்டும் நீ ஓடடாப்பா, நான் காலமை நாலு மணிக்கு வேலைக்கு எழும்பினவன்," என்று ஸ்ரீஸ்கந்தராஜா பின் இருக்கையில் சாய்ந்துவிட்டார்.

தில்லைநாதனின் மனதில் ஒரு திட்டம் இருந்தது. பாசல் நகரில், எல்லைக்கு முந்திய கடைசி வெளியேறும் பாதை கிளைன்ஹூனிங்கன். அதில் இறங்கி, நாரி பிடித்துவிட்டது என்று சொல்லி, மருமகளுக்கு வாங்கிய சீர்த்தட்டை அவர்களிடம் கொடுத்துவிடலாம். பாசலுக்கு முன்னால் வரும் பெல்கன் சுரங்கத்துக்குள் சொல்லத் தொடங்கினார்.

"சுமித்ரா, எனக்கு இண்டைக்கு..."

"ஓம் அண்ணை, உங்களுக்கு இண்டைக்குத்தான் முகத்தில சிரிப்பு," என்றாள் சுமித்ரா. "மருமேளுக்கு என்ன நிறத்தில சேலை எடுத்தனீங்கள்? எங்கட மனுசனைக் கேட்டால் சேலைக்கும் திரைச்சீலைக்கும் வித்தியாசம் தெரியாது."

சேலையின் நிறத்தைச் சொன்னார். கரையின் அகலத்தைச் சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

பாசலுக்குள் பாதை பிரிந்து பிரிந்து போனது. கொப்பியில் அது நேர்கோடு. கண்ணுக்கு முன்னால் வலப்பக்கம் முழுவதும் எல்லைக்குக் காத்திருக்கும் லொறிகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிய மதில் போல. கிளைன்ஹூனிங்கன் பலகை அந்த மதிலுக்கு அப்பால் தெரிந்தது. சிக்னல் போட்டார். ஒரு லொறியும் இடம் விடவில்லை. பலகை வந்தது, தலைக்கு மேலால் போனது. ஆயிரம் பேருக்கு வழி சொன்னவர், திரும்ப முடியாத பாதையில் எல்லைச் சாவடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

சாவடிக்குள் கார்கள் மெதுவாக ஊர்ந்தன. ஒரு காரையும் மறிக்கவில்லை. இன்னும் முந்நூறு மீற்றர். அப்படியே போனால் நாளைக்கு அறுகும் பாலும் வைக்கலாம். திரும்பி வரும்போது மறித்தால்?

கால் தானாகவே பிறேக்கில் போனது. கோடு போட்ட ஓரத்தில் வானை நிறுத்தி, நான்கு சிக்னலையும் போட்டார்.

ஸ்ரீஸ்கந்தராஜா திடுக்கிட்டு எழுந்தார். "என்னடா? போர்டர் வந்திட்டுதோ?"

"நான் இதுக்கு அங்காலை வரேலாது. என்னட்டை எஃப்தான் இருக்கு."

"என்ன எஃப்? பி எண்டெல்லோ சொன்னனீ?"

"சொன்னனான். பொய்."



"அப்ப லூர்து?" என்றாள் சுமித்ரா. "எங்களுக்கு வளைவு வளைவாச் சொன்னியளே, எந்தச் சாவடியில கக்கூஸ் துப்புரவு எண்டு கூட."

"அங்கை போய் வந்த மரியதாஸ் அண்ணை சொல்லித் தெரியும்."

ஸ்ரீஸ்கந்தராஜா தலையில் கை வைத்தார். "விசரா, எங்களட்டைச் சொல்லியிருந்தால் நாங்கள் என்ன, தின்னப் போறமோ?"

எல்லைக் காவலர் ஒருவர் கண்ணாடியில் தட்டினார். தில்லைநாதன் அட்டையை நீட்டினார். வெளியேறும் பாதையைத் தவறவிட்டதைத் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். காவலர் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்குத் தண்டத் துண்டு எழுதினார். பிறகு ஓரத்துப் படலையைத் திறந்து, நகரப் பக்கம் நடக்கச் சொன்னார்.

சீர்த்தட்டோடு வான் எல்லையைக் கடந்தது. அவர் ட்ராம் தரிப்பிடத்தில் நின்றார். எட்டாம் இலக்கம், அதுவும் எல்லைக்கு அப்பால் வரை ஓடுகிற ட்ராம். ஏறுவதற்கு முன் எந்தப் பக்கம் போகிறது என்று பலகையை மூன்று தரம் வாசித்தார்.

அன்று மாலை கஜலக்சுமி எடுத்தபோது உண்மையைச் சொன்னார்.

"மாமிக்கு என்ன சொல்லப் போறாய்?" என்று கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுறன்," என்றாள். "நாலு வருசம் என்னையும் சேர்த்தெல்லோ பொய்க்காரியாக்கிப் போட்டாய்." வைத்துவிட்டாள்.

சடங்கு அவரில்லாமல் நடந்தது. மாமியாரின் தம்பி அறுகும் பாலும் வைத்தார். சுமித்ரா அனுப்பிய படத்தில் மிதுஷா அவர் வாங்கிய சேலையில் நின்றாள்.

பத்து நாள் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு புதுக் கார் லாங்கன்தால் வாசலில் நின்றது. அதே சேலையில் மிதுஷா இறங்கினாள். கஜலக்சுமி செம்பில் பாலும் கட்டு அறுகும் வைத்திருந்தாள். தில்லைநாதனின் கண் போனது கார்க் கண்ணாடிக்கு. ஸ்விஸ் விக்னெட்டைத் தங்கையின் கணவர் நாலு மூலையும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்.

"இதென்ன மச்சான் வேலை?"

"அடுத்த கிழமை தம்பியின்ர கார் வருது. கழட்டி அதுக்கும் பாவிக்கலாமெண்டு..."

"பிடிச்சால் இருநூறு பிராங் தண்டம்! கண்ணாடியில நேரே ஒட்டோணும்."

"அண்ணா," என்றாள் கஜலக்சுமி. "முதல்ல பிள்ளையைப் பார்."

வரைபடம் தொங்கிய சமையலறையில் மிதுஷாவை இருத்தி, தலையில் அறுகும் பாலும் வைத்தார். பால் அவர் சட்டைக் கையிலும் வழிந்தது. பிறகு கீழே இறங்கிப் போய், டேப்பை உரித்து, விக்னெட்டைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தார்.

பி அட்டைக்குப் போட்ட அந்த விண்ணப்பத்துக்கு முடியாது என்று பதில் வந்தது. தில்லைநாதன் இப்போதும் லாங்கன்தாலில், அதே தொழிற்சாலையில் இருக்கிறார். விக்னெட்டை இணையத்திலும் வாங்கலாம் என்று வந்தபின் அழைப்புகள் குறைந்துவிட்டன. கையில் இன்னும் எஃப் அட்டைதான். இரண்டாவது விண்ணப்பம் போன மார்ச்சில் கொடுத்தார், பதில் வரவில்லை.