கழித்துப் போட்ட ஸ்ட்ரிப்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள், முழுசாக எதுவும் இருக்காது. தரையில் மூலை உடைந்த டைல்ஸ், டப்பாவில் நொறுங்கின பிஸ்கட், கொடியில் சாயம் திட்டுத்திட்டாய் ஏறின துண்டு. கம்பெனி கழித்துப் போட்டதை ‘செகண்ட்ஸ்’ என்று வீட்டுக்குக் கொண்டு வருவது இங்கே திருட்டு இல்லை, உரிமை. உடைந்த டைல்ஸ் மேல் நடந்தால் கால் போய்விடுமா என்ன? சாராளும் அப்படித்தான் நினைத்தாள்.

புதுவாயலிலிருந்து ஷேர் ஆட்டோவில் அவள் போய் வந்த கம்பெனியில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் செய்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் மீட்டரில் எண் வருமே, அந்தச் சின்னப் பட்டை. சாராளுக்கு இம்பிடன்ஸ் டெஸ்டிங்கில் வேலை. ஒரே தடவையில் செய்து இறக்கும் ஒவ்வொரு லாட்டிலும் சில ஸ்ட்ரிப்புகளை எடுத்து, சர்க்கரைக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, மெல்லிய மின்சாரத்தை முன்னும் பின்னுமாக ஓட்டுவாள். ஸ்ட்ரிப் அதை எவ்வளவு தடுக்கிறது என்று மிஷின் அளக்கும். அளவாகத் தடுத்தால் பச்சை எரியும். அந்த லாட்டுக்கு ஒரு கோட் நம்பர் கிடைக்கும். அந்த நம்பரை மீட்டரில் வைத்தால்தான் காட்டும் சர்க்கரை சரியாக இருக்கும். பூச்சில் ஈரம் ஏறிப்போய் அதிகமாகத் தடுத்தால் சிவப்பு. அந்த லாட்டுக்கு நம்பரும் கிடையாது, வாழ்வும் கிடையாது. எரித்துவிட வேண்டும்.

எரிப்பது சூப்பர்வைசர் துளசிராமனின் பொறுப்பு. நல்லவர் என்று பெயர் வாங்குவதில் அவருக்குக் கொள்ளை ஆசை.

“இன்னா சாராளு, உன் ஊட்டுக்காரருக்கு சுகர்னியே? நெருப்புல போறத நீ எடுத்துக்கினு போயேன். லேசா முன்னப்பின்ன காட்டும், அவ்ளோதான்.”

எடுத்துப் போனாள். புருஷன் ஆசீர்வாதம் வெல்டர். ஷூவுக்குள் விழுந்த தீப்பொறி காலில் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும், இல்லையென்றால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம்பர் இல்லாத ஸ்ட்ரிப்புக்கு, பழைய நல்ல லாட்டின் நம்பர் ஒன்றைச் சாராளே மீட்டரில் வைத்தாள். தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்தார்கள்.

“பாத்தியாடி, நூத்திப் பத்து! அந்த டாக்டரு இன்னாத்துக்கு இப்டி பயமுறுத்துறாரு?”

மாத்திரையைப் பாதியாக்கினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் கேசரி வேறு. அவன் முகம் தெளிந்ததைப் பார்த்து அவளும் இன்னொரு கரண்டி வைத்தாள்.

கால் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“நானூறுக்கு மேல இருக்கு. வீட்ல பார்க்கவே இல்லையா?” என்றார் டாக்டர்.

“டெய்லி பாத்தோம் சார்.” சாராள் பையிலிருந்து மீட்டரை எடுத்து நீட்டினாள். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த அவன் விரலில் அவரே குத்தி, அவள் கொண்டு வந்த ஸ்ட்ரிப்பில் வைத்துப் பார்த்தார். நூற்று முப்பது.

“இதை எங்கம்மா வாங்கினீங்க?”

அவள் மீட்டரை வாங்கிப் பைக்குள் போட்டாள். அதிகம் தடுக்கிற ஸ்ட்ரிப்பில் மின்சாரம் குறைவாகத்தான் ஓடும். குறைவாக ஓடினால் சர்க்கரை குறைவு என்றுதான் மீட்டர் சொல்லும். அந்தச் சிவப்பைக் கண்ணெதிரே பார்த்து ஒதுக்கியவளே அவள்தானே! யாரைத் திட்டுவது? துளசிராமன் உதவி செய்தார். கம்பெனி எரிக்கத்தான் சொன்னது. எல்லாரும் யோக்கியர்கள். கால் மட்டும் போனது, முழங்காலுக்குக் கீழே.

வீட்டுக்கு வந்ததும் சர்ச் ஜனங்கள் பார்க்க வந்தார்கள். கட்டிலில் சாய்ந்துகொண்டு ஆசீர்வாதம் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான்.

“இவ மட்டும் கம்பெனிலேந்து ஸ்ட்ரிப் எடுத்தாந்து டெய்லி பாக்காம இருந்தா, ரெண்டு காலும் போயிருக்கும். கர்த்தர் குடுத்த பொண்டாட்டி.”

உண்மையைச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. உள்ளே போய், வந்தவர்களுக்குத் தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு வந்தாள். கடையில் வாங்கின முழு பிஸ்கட்.