கொள்விலைக்குக் குறைந்த பேரீச்சம்பழம்

என் பலசரக்குக் கடைக்கு எதிரே சுப்பர் மார்க்கெட் திறந்தார்கள். நான் மொத்தக் கடையில் வாங்கும் விலையைவிடக் குறைவாக அங்கே சீனி விற்றது. எனக்கு வயிறு எரிந்தது. சீனிக்குப் போன சனம் தேயிலை, பருப்பு, சவர்க்காரம் எல்லாவற்றையும் அங்கேயே அள்ளிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

விடுவேனா? வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் குதித்தேன். கொள்விலைக்குக் குறைவாக யாரும் எதையும் விற்கக்கூடாது. விற்றால் ஒரு நாள் கடையைப் பூட்டிச் சாவியைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். சட்டத்தை என் கையாலேயே எழுதி, ‘எதையும்’ என்பதற்கு அடிக்கோடும் போட்டேன். சுப்பர் மார்க்கெட் மனேஜர் சிரித்தபடி கையொப்பம் வைத்தார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

சுப்பர் மார்க்கெட்டில் சீனி விலை ஏறியது. சனமும் என்னிடம் திரும்பி வந்தது.

பிறகு நோன்பு வந்தது. நோன்புக்கு நோன்பு பேரீச்சம்பழத்தை வாங்கிய விலைக்கும் குறைத்துக் கொடுப்பது என் வழக்கம். பலகை எழுதி வைத்தேன். தலைநோன்பன்றே மனேஜர் முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

“நான் நன்மைக்குக் குடுக்கிற,” என்றேன் தலைவரிடம்.

“நானும் சீனிய நன்மைக்குத்தானே குடுத்த, காக்கா,” என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மனேஜர்.

தலைவர் தாடியைத் தடவினார். “ஈத்தப்பழத்துக்கு வாற ஆக்கள் பழத்த மட்டுமா எடுக்கிற?”

பழத்துக்கு வருகிறவர்கள் கஞ்சிக்கு அரிசி, கடற்பாசி, சர்பத் என்று பை நிரப்பாமல் போனதே இல்லை. நோன்பு வாயால் பொய் சொல்லவும் முடியாது.

“மத்தச் சாமானும் எடுப்பாங்கதான்,” என்று சாவியை நீட்டினேன்.

மறுநாள் மாலை வீட்டில் சீனி முடிந்துவிட்டது. என் கடையில் ஒரு மூடை கிடக்கிறது; சாவி தலைவர் வீட்டில். நோன்பு திறக்க அரை மணி நேரம்தான். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சுப்பர் மார்க்கெட் வரிசையில் போய் நின்றேன். முன்னால் என் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி பில்லைப் பார்த்துப் பொரிந்துகொண்டிருந்தாள்.

“முந்தி எவ்வளவு மலிவாத் தந்தீங்க! எந்தப் படுபாவி இந்தச் சட்டத்தக் கொண்டந்த?”

மனேஜர் என்னைப் பார்த்தார். அதே சிரிப்பு.

“நான்தான், ராத்தா,” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப நாளைக்கு ஒங்கட ஈத்தப்பழம்?”

“அதுவும் வெல கூடும்,” என்றேன்.

“எங்கட பழம் கொழும்பில இருந்து மொத்தமா வாற, கொள்விலையே குறைவு,” என்றார் மனேஜர், யாரும் கேட்காமலே.

அவள் சீனிப் பையை மேசையில் வைத்துவிட்டு, பேரீச்சம்பழம் எடுக்க மறுபடி உள்ளே போனாள்.